மலைச்சரிவும் விசையின் கூறுகளும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனச் சங்கத்தார் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய யாம் கம்பராமாயணத்தைப் பற்றியோ கந்தபுராணப் படலமொன்றைப் பற்றியோ எழுதுவோமென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாம் எழுதப் புகுந்ததோ விசைகளைத் துணித்தல் என்னும் பௌதிகப் பாடம். இஃது எமது துறையன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும் இப்பாடத்தோடு எமக்கு நெடுநாட் பழக்கம் உண்டு. அப்பழக்கம் யாம் தேடிச் சென்றதன்று. தானே வந்து வாய்த்தது.

பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழைக் கையிற் கொண்டு யாம் முதலிற் சென்ற பாடசாலை தேயிலைத் தோட்டமொன்றின் நடுவே இருந்தது. அங்கே விஞ்ஞானம் கற்பிக்க ஆளில்லை. இருந்தவர் மாற்றலாகிப் போனார், வரவேண்டியவர் வரவில்லை. அதிபர் எம்மை அழைத்து, “தமிழிலே சொன்னால் விளங்காத விஞ்ஞானமும் உண்டோ? மேல் வகுப்பை நீங்களே பாருங்கள்” என்றார். மறுத்திருக்கலாம். மறுத்தால் அப்பிள்ளைகள் புத்தகம் ஒன்றையே துணையாகக் கொண்டு பரீட்சைக்குப் போவார்கள் என்பது தெரிந்திருந்தது. ஆகவே இரவிற் படிப்பதும் காலையிற் படிப்பிப்பதுமாக அவ்வாண்டு கழிந்தது.

அக்காலத்தில் யாம் செய்த பிழையொன்றை இங்கே சொல்லுவதில் வெட்கமில்லை. கிடைத்தரையில் ஒரு பொருளைச் சாய்வான கயிற்றால் இழுக்கும் கணக்கைப் படித்திருந்தோம். அதில் முன்னோக்கி இழுக்கும் கூறு கோசைன், மேனோக்கித் தூக்கும் கூறு சைன். இதனை ‘முன்னோக்கியது கோசைன், மற்றையது சைன்’ என மனனஞ் செய்துகொண்டு, சாய்தளத்திலும் அவ்வாறே எழுதினோம். சரிவின் வழியே இறங்கும் கூறு நிறை பெருக்கல் கோசைன் எனக் கரும்பலகையில் எழுதிக் கீழே கோடும் இட்டோம். பின் வாங்கிலிருந்த பையன் ஒருவன் எழுந்து, “சேர், அப்படியென்றால் சமதரையில் நிற்கின்ற லொறி முழுப் பாரத்தோடும் தானே ஓட வேண்டுமே?” என்றான். கோணம் சுழியமானால் கோசைன் ஒன்று. அவன் சொன்னது முற்றும் சரி. வகுப்புச் சிரித்தது, யாமும் சிரித்துவிட்டு அழித்து எழுதினோம். அன்று தொட்டு, எந்தக் கூற்றை எழுதினாலும் கோணத்தைச் சுழியமாக்கியும் தொண்ணூறாக்கியும் பார்த்த பின்னரே எழுதுவது எம் வழக்கமாயிற்று. மாணவர்களுக்கும் இதனையே முதலிற் கூறுகின்றோம். சூத்திரத்தை மறந்தவனும் இச்சோதனையால் அதனை மீட்டுக்கொள்வான்.

இனிப் பாடத்துக்கு வருவோம். சாய்ந்த தளமொன்றில் ஒரு கல் இருக்கின்றது. புவி அதனை நேரே கீழ்நோக்கி இழுக்கின்றது. கல் நேரே கீழே போக முடியாது. தளம் குறுக்கே நிற்கின்றது. ஆகவே அவ்விழுப்பு இரண்டு வேலைகளைச் செய்கின்றது. ஒரு பங்கு கல்லைத் தளத்தோடு அழுத்துகின்றது. மற்றொரு பங்கு தளத்தின் வழியே கீழே தள்ளுகின்றது. இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிற் பிரித்துக் காண்பதே துணித்தல். தளம் கிடையோடு ஆக்கும் கோணம் எவ்வளவோ, அவ்வளவே நிறையின் கோட்டுக்கும் தளத்தின் செவ்வனுக்கும் இடையிலுள்ள கோணம். நிறைக்கோடு கிடைக்குச் செங்குத்து, செவ்வன் தளத்துக்குச் செங்குத்து. ஆதலின் தளம் எத்தனை பாகை சாய்ந்ததோ அத்தனை பாகையே செவ்வனும் சாய்ந்தது. எனவே அழுத்தும் கூறு நிறை பெருக்கல் கோசைன். வழுக்கும் கூறு நிறை பெருக்கல் சைன்.

இவ்விடத்திலே மாணவர் பலர் இடறுவர். நிறையைத் துணித்து இரு கூறுகளை வரைந்த பின்னரும், படத்தில் நிறையையும் விட்டு வைத்து, மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுவர். இதற்குத் தமிழாசிரியர் ஒருவரிடம் விடை உண்டு. ‘நடந்தான்’ என்னும் பகுபதத்தை நட என்னும் பகுதி, த் என்னும் சந்தி, அது ந் எனத் திரிந்த விகாரம், த் என்னும் இடைநிலை, ஆன் என்னும் விகுதி எனப் பிரிக்கின்றோம். பிரித்தபின் எவரேனும் ‘நடந்தான் நட ஆன்’ என்று வாசிப்பரோ? சொல்லை வைத்தால் உறுப்புகள் இல்லை. உறுப்புகளை வைத்தால் சொல் தனியே இல்லை. விசையும் அவ்வாறே. இவ்வுவமையைச் சொன்ன வகுப்புகளில் அப்பிழை பெரும்பாலும் மறைந்துவிடக் கண்டிருக்கின்றோம். ஆனால் உவமை ஓரளவுக்கே செல்லும். பகுபதத்தைப் பிரிக்கும் முறை ஒன்றே. விசையையோ நாம் வேண்டிய எந்த இரு திசைகளிலும் துணிக்கலாம். கல் எத்திசையில் அசையக்கூடுமோ அத்திசையையும் அதற்குச் செங்குத்தையும் தெரிந்துகொள்வதே அறிவுடைமை. தளத்திலுள்ள கல்லின் நிறையைக் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் துணிக்கப் புகுந்தால், அது முன்னரே நிலைக்குத்தாக நிற்கக் காண்போம்; செவ்வனையும் உராய்வையும் துணிக்க நேரும். விடை அதே விடைதான். வழி மட்டும் நீளும்.

சொற்களைப் பற்றியும் சிறிது கூறாமற் செல்ல எமக்கு மனமில்லை. ஒன்றுசேர்ந்த விசையை நமது நாட்டுப் பாடநூல்கள் ‘விளையுள்’ என்கின்றன. தமிழகத்தார் ‘தொகுபயன்’ என்பர். விளையுள் என்பது திருக்குறளில் நாட்டைப் பற்றிய அதிகாரத்தில் விளைச்சல் என்னும் பொருளில் வரும் பழஞ்சொல். பல விசைகள் சேர்ந்து விளைவித்தது எதுவோ அது விளையுள். இதனினும் பொருத்தமான சொல்லை யாம் அறியோம். ‘துணித்தல்’ என்பதும் நல்ல சொல்லே; வெட்டுதல் என்னும் பொருளோடு, தெளிந்து முடிவு செய்தல் என்னும் நிழலும் அதில் உண்டு. மாணவன் வாக்கியம் எழுதத் தெரியாதவனாயின் விஞ்ஞானமும் அவனுக்கு வாராது என்பது எமது கருத்து. எம் சக விஞ்ஞான ஆசிரியர்கள் இதனோடு முழுதும் உடன்படுவதில்லை.

சாய்தளத்தின் உண்மையை முதன்முதல் அழகாக நிறுவியவரும் தாய்மொழிப் பற்றாளரே. 1548இல் புரூச் நகரிற் பிறந்த சீமன் ஸ்டெவின் என்பார், 1586இல் நிறுத்தற் கலையைப் பற்றி டச்சு மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அறிஞர் யாவரும் இலத்தீனில் எழுதிய காலம் அது. விஞ்ஞானத்துக்குத் தம்மொழியே தக்கதென வாதாடிய அவர், கலைச்சொற்கள் பலவற்றைத் தாமே ஆக்கினார். கணிதத்துக்கு டச்சுக்காரர் இன்றும் வழங்கும் சொல் அவர் தந்ததே. நம்மவர்களுக்கு மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் நினைவுக்கு வருவார்.

ஸ்டெவின் கண்ட உபாயம் இது. ஒரு பக்கம் மற்றதன் இருமடங்கு நீளமுள்ள இரு சரிவுகள் ஓர் உச்சியிற் கூடுகின்றன. நிறையிலும் அளவிலும் ஒத்த பதினான்கு உருண்டைகளை மாலையாகக் கோத்து அதன்மேல் இடுகிறார். நீண்ட சரிவில் நான்கு, குறுகிய சரிவில் இரண்டு, எஞ்சிய எட்டும் கீழே தொங்குகின்றன. மாலை தானாகச் சுற்றுமா? ஓர் உருண்டை நகர்ந்தால் அதன் இடத்துக்கு இன்னொன்று வரும். நிலை முன்போலவே இருக்கும். ஆகவே ஒருமுறை சுற்றத் தொடங்கினால் ஓயாது சுற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். உலகில் அவ்வாறு நிகழ்வதில்லை. எனவே மாலை அசையாது. கீழே தொங்குவன இருபுறமும் சமமாதலின் அவற்றை அறுத்துவிட்டாலும் கேடில்லை. ஆக, நீண்ட சரிவிலுள்ள நான்கும் குறுகிய சரிவிலுள்ள இரண்டும் சமன். சரிவு இருமடங்கு நீண்டால் வழுக்கும் கூறு பாதியாகின்றது என்பது, சைன் அட்டவணை இல்லாமலே பெறப்பட்டது. இதனை வகுப்பில் நூலும் மணியும் கொண்டு காட்டியிருக்கின்றோம். உராய்வு தொல்லை தரும். ஆயினும் பிள்ளைகள் கண்கொட்டாமற் பார்ப்பார்கள். விசைகளை இணைகரத்தாற் கூட்டும் விதி 1687இல் நியூற்றனின் நூலில் இடம் பெற்றது. அதே ஆண்டிற் பிரான்சியராகிய வரிஞோனும் அதனைக் கூறினார். பாடநூல் இணைகரத்திலிருந்து தொடங்குகின்றது. எமக்கு மாலையே விருப்பம்.

கண்டியில் வாழும் நமக்குச் சாய்தளத்துக்கு உதாரணந் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் பாதையின் செங்குத்தான பகுதிகளில் 44 அடி சென்றால் 1 அடி ஏற்றம். இது சொற்பமாகத் தோன்றும்; கோணம் 1.3 பாகையே. 30 தொன் நிறையுள்ள பெட்டியொன்றை அச்சரிவில் நிறுத்தியதாகக் கொள்வோம். வழுக்கும் கூறு 30,000 கிலோகிராமை 44ஆல் வகுக்க வருவது, அதாவது ஏறத்தாழ 680 கிலோகிராம் நிறை. அழுத்தும் கூறு எவ்வளவு குறைந்தது? வெறும் 8 கிலோகிராம் நிறை! தண்டவாளத்துக்குப் பெட்டியின் பாரம் சற்றும் குறைந்ததாகத் தெரியாது. தடுப்பு விட்டால் மட்டும் பெட்டி ஓடிவிடும். சிறு கோணத்தில் சைன் விரைந்து வளர்வதும், கோசைன் ஒன்றை விட்டு அகலாதிருப்பதும் இவ்வுதாரணத்தில் விளங்குவதுபோல் வேறெதிலும் விளங்கக் கண்டிலோம்.

இயந்திரத்தையும் சேர்த்து வண்டி முழுதும் 350 தொன் என்றால், உருளும் தடையையும் வளைவுகளின் தடையையும் ஒதுக்கியபோதும், மேலே ஏற்றுவதற்கு மட்டும் 8 தொன் நிறைக்குச் சமமான இழுப்பு வேண்டும். அவ்விழுப்பு இயந்திரத்தின் சில்லு தண்டவாளத்தைப் பற்றும் உராய்விலிருந்தே வரவேண்டும். இயந்திரம் 80 தொன் ஆயின், பற்று பத்தில் ஒன்றாகக் குறைந்த ஈரத் தண்டவாளத்தில் அஃது இழுக்கக்கூடியது அதே 8 தொன்தான். மழைநாளில் சில்லின் முன்னே மணல் தூவுவதும், நீராவிக் காலத்தில் வண்டிக்குப் பின்னால் இன்னோர் இயந்திரம் தள்ளிக்கொண்டு ஏறியதும் இக்கணக்கினாலேயே. பழைய மாணவருள் மூத்தோர் அந்த இரட்டை இயந்திரத்தின் ஓசையை நினைவு வைத்திருப்பர்.

இதுவரை கூறியன யாவும் பரீட்சைக்குப் போதும். யாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்தது இதற்காக அன்று.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா என்னும் புயல் நம் நாட்டைக் கடந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பங்கினர் கண்டி, பதுளை, நுவரெலியா முதலிய மலை மாவட்டத்தவர். அவர்களிற் பலரைக் கொன்றது காற்றன்று, மண். இதற்கு முன்னரும் 2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டன. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தது. அலவத்துகொடையில் இருந்துகொண்டு, அக்குறணைக்கும் மாத்தளைக்கும் செல்லும் பாதையின் இருமருங்கும் உள்ள மேடுகளைப் பார்க்கும்போது, சாய்தளம் என்னும் சொல் முன்போல் எம் காதில் ஒலிப்பதில்லை.

பாடசாலை மறுபடியும் திறந்தபொழுது வகுப்பிற் கேட்டோம்: “மழை பெய்தால் மலை ஏன் சரிகின்றது?” அனைவரும் ஒருமிக்க, “தண்ணீர் ஊறி மண் பாரமாகின்றது, அதனால்” என்றனர். பெரியோரும் இவ்வாறே கூறுவர். இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

30 பாகைச் சரிவில் 100 கிலோகிராம் நிறையுள்ள மண்பாளம் ஒன்று கிடக்கின்றது. வழுக்கும் கூறு 50. அழுத்தும் கூறு 86.6. உராய்வுக் குணகம் 0.7 எனக் கொண்டால், உராய்வு தாங்கக்கூடியது 86.6 பெருக்கல் 0.7, அதாவது 60.6. ஐம்பதைத் தாங்க அறுபது உண்டு, பாளம் நிற்கும். இப்பொழுது அதன் நிறை இருமடங்காகின்றது. வழுக்கும் கூறு 100, உராய்வு 121. விகிதம் மாறவில்லை, பாளம் முன்போலவே நிற்கும்! பாரம் இருபுறத்துக் கணக்கையும் ஒருங்கே பெருக்குகின்றது. உராய்வு மட்டுமே தாங்கும் இடத்தில், பாரம் எவ்வளவு என்பது பொருட்டன்று. சாய்வின் தான்சன் உராய்வுக் குணகத்தைக் கடக்கின்றதா என்பதே பொருட்டு. 0.7க்கு அவ்வெல்லைக் கோணம் 35 பாகை.

அவ்வாறாயின் நீர் செய்யும் தீங்கு யாது? மண்ணினூடே இறங்கிய நீர், கீழேயுள்ள இறுகிய பாறையைக் கடக்க முடியாமல் அங்கே தேங்குகின்றது. தேங்கிய நீர் பாளத்தை அடியிலிருந்து செவ்வன் திசையில் மேலே தள்ளுகின்றது. முந்திய கணக்கில் அத்தள்ளல் 20 என வைப்போம். அழுத்தும் கூறு 86.6இலிருந்து 66.6 ஆகின்றது. உராய்வு 46.6 ஆகின்றது. வழுக்கும் கூறோ ஐம்பதாகவே இருக்கின்றது. பாளம் புறப்பட்டுவிடும். நீரின் தள்ளல் வழுக்கும் கூற்றைத் தொடவில்லை. பிடித்துவைத்திருக்கும் கூற்றை மட்டும் தின்றது. நிறையை இரு கூறாகத் துணித்துப் பார்த்தாலன்றி இவ்வுண்மை எவ்வாற்றானும் புலப்படாது. இதனாலேதான் மழை விட்ட பின்னரும் சில வேளை மலை சரிகின்றது. மேலே வெயில் காய, அடியில் நீர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்.

இக்கணக்குக்கு ஒரு வரையறை உண்டு. உண்மையான மண்ணுக்கு ஒட்டும் தன்மை உண்டு. மரவேர் பின்னிப் பிடிக்கும். இப்பிடிப்பு பாரத்தோடு கூடுவதில்லையாதலின் அங்கே பாரமும் ஓரளவு தீங்கு செய்யும். பொறியியலாளர் இவை யாவற்றையும் சேர்த்தே கணிப்பர். எமது பாளக் கணக்கு வாயிற்படி மட்டுமே.

ஆனால் அவ்வாயிற்படியில் நின்றே சிலவற்றைக் காணலாம். வீடு கட்டுதற்கு மேட்டின் அடியை வெட்டுகின்றோம். 30 பாகை 40 பாகையாயிற்று என்க. வழுக்கும் கூறு 64.3, உராய்வு 53.6. மழையே வேண்டாம், ஒட்டும் தன்மையும் வேரும் தயவு செய்யும் வரைதான் நிற்கும். தோட்டங்களிற் பழைய நாளிலே கான் வெட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தனர். சரிவின் குறுக்கே மெல்லிய வாட்டத்தில் ஓடும் அக்கான்கள், நீர் மண்ணுள் இறங்குமுன்னரே அதனைக் கொண்டுபோயின. கான்கள் தூர்ந்துபோன இடங்களைக் காணும்பொழுது எமக்கு அந்த இருபதும் 66.6உம் நினைவுக்கு வருகின்றன. கான் வெட்டிய தொழிலாளிக்குச் சைனும் கோசைனும் தெரியாது. அவர் வேலை கோசைனைக் காத்தது.

அன்றைய பாடம் முடிந்தபின் மாணவன் ஒருவன் தங்கி நின்று, “சேர், எங்கட வீட்டுக்குப் பின்னால இருக்கிற மேடு எத்தனை பாகை?” என்று கேட்டான். விடை எம்மிடம் இல்லை. அளக்கும் கருவியை அவனையே செய்யச் சொன்னோம். பெரிய கோணமானியின் மையத்தில் நூல் கட்டி, நூல் முனையிற் சிறு கல் தொங்கவிட வேண்டும். கோணமானியின் நேர்விளிம்பைச் சரிவுக்கு இணையாகப் பிடித்து உச்சியை நோக்கினால், நூல் காட்டும் எண்ணுக்கும் தொண்ணூறுக்கும் உள்ள வேறுபாடே சரிவின் கோணம். சனிக்கிழமை யாமும் உடன் சென்றோம். மேட்டின் மேற்பகுதி 38 பாகை. வீட்டை ஒட்டிய பகுதியோ மண்வெட்டியால் ஏறக்குறைய நிமிர்ந்த சுவராக வெட்டப்பட்டிருந்தது. உச்சியருகே விரலளவு அகலத்தில் ஒரு வெடிப்பு, புல்லால் மூடப்பட்டுக் கிடந்தது. அவனுடைய தாயார், “அது போன வருஷமே இருந்திச்சு, சேர்” என்றார்.

நிலவெடிப்பும், நேராக நின்ற மரமும் கம்பமும் சாய்தலும், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதலும் அல்லது வற்றுதலும் மண்சரிவின் முன்னறிகுறிகள் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கூறுகின்றது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100ஐக் கடந்தால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150ஐக் கடந்தால் வெளியேற வேண்டும் என்பதும் அந்நிறுவனத்தின் அறிவுரை. கிராம உத்தியோகத்தருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். மாற்றுக் காணி உடனே கிடைக்கும் பொருளன்று. அக்குடும்பம் வேறெங்கே போகும்? ஆகவே மாணவன் மற்றொரு கருவியையும் செய்துகொண்டான். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான பாற்பேணி ஒன்றை வெளியில் வைத்து, உட்புறத்தில் 75, 100, 150 என்னும் மூன்று கோடுகளைச் சிவப்பு மையால் இட்டான். நீரின் உயரமே மழையின் அளவு. ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்குப் பார்த்துக் கொப்பியில் எழுதி, நீரை ஊற்றிவிட்டு மீண்டும் வைப்பான்.

பின்பு ஒரு பெருமழை நாளில், இரவு பத்து மணியளவில் எமது தொலைபேசி ஒலித்தது. “சேர், தண்ணி இரண்டாவது கோட்டைத் தாண்டிட்டுது. அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறம்” என்றான். அன்றிரவு மேடு சரியவில்லை. காலையில் அவன் திரும்பிச் சென்று பேணியைப் பார்த்து, 118 என்று கொப்பியில் எழுதியிருந்தான்.